மின்னிசையும் அதை ஆக்கியோரும்



ஆண்டு விழா நடன ஒத்திகைக்கென்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓர் இசைத் துண்டைக் கொண்டு வந்தாள். அதில் பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை. அடியில் கனத்த தாளம். மேலே ஓட்டுக்கூரையிலிருந்து நீர் சொட்டுவது போன்ற ஓசை. கேட்க நன்றாகவே இருந்தது. "இதை ஆக்கியவர் யார்?" என்று கேட்டேன். "தெரியாது டீச்சர், அண்ணன் போன்ல இருந்துச்சு" என்றாள். "எந்தப் படம்டி?" என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். படமும் இல்லை. படமும் பெயரும் இல்லாத இசை எங்கிருந்து வருகிறது? யார் ஆக்குகிறார்கள்? அன்று வகுப்பில் விடை சொல்ல இயலவில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மின்னிசை என்றால் என்ன என்று பார்ப்போம். வீணையில் கம்பி அதிர்கிறது. நாகசுரத்தில் காற்று அதிர்கிறது. பறையில் தோல் அதிர்கிறது. மின்னிசைக் கருவியிலோ மின்னோட்டமே அதிர்கிறது. வினாடிக்கு 440 முறை அதிர்ந்தால் ஒரு சுரம். 880 முறை அதிர்ந்தால் அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. இவ்வதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் நமக்குக் கேட்கும். ஆனால் வெறும் அதிர்வு தொலைபேசியின் 'பீப்' ஒலி போல உயிரற்று இருக்கும். அதற்கு உயிர் கொடுப்பவை இரண்டு. ஒன்று, வடிகட்டி: ஒலியிலுள்ள கூர்மையைக் குறைக்கவும் கூட்டவும் செய்வது. மற்றொன்று, ஒலி எழுந்து அடங்கும் விதம். வீணையை மீட்டினால் ஓசை சட்டென்று எழுந்து மெல்லத் தேய்கிறது. நாகசுரமோ மூச்சு உள்ளவரை நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இரண்டையும் நாம் பிரித்தறிய இதுவும் ஒரு காரணம். சின்தசைசர் என்னும் கருவியில் இவற்றையெல்லாம் குமிழ்களைத் திருகி நம் விருப்பப்படி அமைக்கலாம். திருப்பலியில் பாடகர் குழுவுடன் வாசிக்கப்படும் கீபோர்டு அதன் பேரப்பிள்ளைதான்.

"இதெல்லாம் இசையா, இரைச்சலா?" என்று பெற்றோரில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அதற்கு ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன்.

டெலியா டெர்பிஷயர் 1937 இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதாயிருந்தபோது அந்நகர் குண்டுவீச்சில் எரிந்தது. வான்தாக்குதலை அறிவிக்கும் சைரன் ஒலியும், பின்னர் பிரெஸ்டன் நகரில் அதிகாலையில் ஆலைக்குப் போகும் தொழிலாளர்களின் மரக்காலணி கல்தெருவில் எழுப்பிய ஓசையும் தம் காதில் இசையாகத் தங்கிவிட்டன என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் கற்று, 1959 இல் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு பி.பி.சி.யின் ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப் என்ற ஒலிப் பட்டறையில் இடம் கிடைத்தது. 1963 இல் 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு ரான் கிரைனர் எழுதிய மெட்டை அவர்தாம் ஒலியாக்கினார். வாத்தியக் குழு இல்லை. ஒரு கம்பியை மீட்டிப் பதிவு செய்து, அந்நாடாவை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டி வெவ்வேறு சுரங்களைப் பெற்று, துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார். தையல் வேலை போலத்தான்! தமக்கு வரும் பங்கில் பாதியை அவருக்குத் தரவேண்டும் என்று கிரைனரே விரும்பியும், பட்டறை ஊழியரின் பெயரைப் போடும் வழக்கமில்லை என்று மறுத்துவிட்டனர். திரையில் டெலியாவின் பெயர் வந்தது 2013 இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படத்தில். அவரோ 2001 லேயே காலமாகிவிட்டார். அவர் வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் கிடைத்தன.

சைரனும் காலணியும் இசையாகுமென்றால், நம் பேட்டையில் எவ்வளவு இருக்கிறது! துறைமுகத்துக் கப்பல்களின் சங்கு, எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல், கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும் ஓசை, விடியலில் காசிமேட்டு ஏலக் குரல். இவற்றை நாம் இரைச்சல் என்று மட்டுமே எண்ணி வந்திருக்கிறோம்.

நம் நாட்டில் இது எப்போது தொடங்கியது? பலரும் சினிமாவைச் சொல்வார்கள். ஆனால் 1969 லேயே அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மின்னிசைக் கூடம் இருந்தது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அங்கே வந்து மூக் சின்தசைசரை நிறுவிக் கொடுத்தார். இதற்கு வேர் இன்னும் பழையது. கீதா சாராபாய் என்ற பெண்மணி, பெண்கள் தொடாத பகாவஜ் மத்தளத்தைக் கற்றவர், 1946 இல் நியூயார்க் சென்று ஜான் கேஜ் என்ற இசைஞரிடம் மேலை இசை பயின்றார். பதிலுக்கு அவருக்கு நம் இசையைக் கற்பித்தார். மனத்தை அமைதிப்படுத்தி இறையருளுக்குத் திறந்து வைப்பதே இசையின் நோக்கம் என்று தம் ஆசிரியர் சொன்னதை அவர் கேஜிடம் எடுத்துரைக்க, அது கேஜின் சிந்தனையையே மாற்றியது. அகமதாபாத் கூடத்திலும் கீதா சாராபாய் இசை அமைத்தார். ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அமைத்தனர். 1972 க்குப் பின் கூடம் ஓய்ந்தது. நாடாக்கள் அந்நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன. லண்டனைச் சேர்ந்த பால் பர்காஸ் அவற்றைத் தேடிக் கண்டெடுத்துச் சீர்செய்ய, 2023 இல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. ஐம்பது ஆண்டுக்கு முன் ஆக்கிய இசை நமக்குப் புதிய இசையாக வந்து சேர்ந்தது. அது அழியாமல் மீண்டதற்கு ஒரே காரணம், யாரோ நாடாவைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பம்பாயில் திரைப்பட வாத்தியக் கலைஞராயிருந்த சரண்ஜித் சிங்கும் இவ்வகையினரே. 1982 இல் ரோலண்டு நிறுவனத்தின் மூன்று கருவிகளைக்கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து இசைத்தட்டு வெளியிட்டார். வாங்குவார் இல்லை. ஐந்தாண்டு கழித்து அமெரிக்காவில் சிகாகோ இளைஞர்கள் அதே கருவியில் வாசித்தது உலகப் புகழ் பெற்றது. சிங்கின் தட்டு 2010 இல் மறுபதிப்பானபோதுதான் வெளிநாட்டார் வியந்தனர். எழுபது வயதைக் கடந்து ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டு, 2015 இல் அவர் மறைந்தார்.

இனி நம் பக்கத்துத் தெருவுக்கு வருவோம். இராயபுரத்துப் பெண் இசைவாணி ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடி, பி.பி.சி.யின் 2020 ஆம் ஆண்டு நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2017 இல் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைஞர் டென்மாவும் தொடங்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அவர் ஒருவரே பெண். கானாவும் ராப்பும் கிதாரும் சேர்ந்த அவ்விசை எந்தப் படத்துக்காகவும் பிறந்ததன்று. இதைத்தான் தனியிசை என்கிறோம். அக்குழுவிலிருந்த அறிவு, பாடகி தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் இசைப்பொறுப்பேற்று 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உங்களில் தெரியாதவர் இருக்கமாட்டீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு அப்பாடலுக்குள் இருக்கிறது என்றார் அறிவு. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழ் தன் அட்டையில் தீயையும் வேறொரு பாடகரையும் வெளியிட்டது; அறிவின் படம் இல்லை. பலர் கேள்வி எழுப்பிய பின்னரே அவருக்கும் ஓர் அட்டை வந்தது. பாட்டு கோடிக்கணக்கானோரை எட்டியிருந்தும் இப்படி நேர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே புதிய இசையைத் தேடும்போது அரைகுறையாகத் தேடாதீர்கள். கைப்பேசி தானாகத் தருவதெல்லாம் பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே கேட்டதைப் போன்றதே. பிடித்த ஒன்றை, திரையைப் பார்க்காமல், முழுவதும் ஒருமுறை கேளுங்கள். மின்னிசை முதல் நிமிடத்தில் எதையும் சொல்லாது, மெல்லத்தான் மாறும். பிறகு யார் அமைத்தார், யார் பாடினார், யார் ஒலிப்பதிவு செய்தார் என்று படியுங்கள். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போனால் வேறு பெயர்கள் வரும். இசைவாணியிலிருந்து டென்மாவுக்கும், அங்கிருந்து இன்னும் சிலருக்கும் போகலாம். சில பாடல்களில் சொற்கள் உங்கள் வயதுக்கு ஏற்றவையல்ல. அம்மாவுடன் அமர்ந்து கேட்கக் கூசுவதைத் தனியேயும் கேட்கவேண்டாம் என்பது என் கருத்து. ஆக்கிப் பார்க்க விரும்புவோர்க்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. லாரி ஹாரன் ஒன்றைப் பதிவு செய்து நான்கு மடங்கு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கோவில் ஆர்கன் போல ஒலிக்கும்!

நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு பாடகர் இருக்கிறார் என்பார்கள். தொண்டியிலிருந்து வந்து இங்கே தங்கிப் பாடி 1838 இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபைத் தொண்டியார் என்றழைத்ததால் இது தொண்டியார்பேட்டை ஆயிற்றாம். இன்று பேருந்துப் பலகையில் அப்பெயரைப் படிப்போர் அவரை நினைப்பதில்லை.

இக்கட்டுரைக்காகப் பழைய கருவிகளைத் தேடியபோது, இசை அறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஒலிநாடாக்களைக் கண்டேன். மேலே 'ஆண்டு விழா', 'கிறிஸ்து பிறப்புப் பாடல்' என்று ஆண்டு மட்டும் எழுதியிருக்கிறது. ஒன்றில் ஒரு மாணவி மிக அழகாகக் கீபோர்டு வாசிக்கிறாள். அவள் யார் என்று சிஸ்டர்களுக்கும் நினைவில்லை. பெற்றோர்களில் பலர் நம் பள்ளியின் பழைய மாணவியர். 1980 களில் இங்கே பாடியவர்களோ வாசித்தவர்களோ இதைப் படித்தால், சனிக்கிழமை காலையில் இசை அறைக்கு வாருங்கள். நாடாவைப் போட்டுக் காட்டுகிறோம். பெயர்களைச் சொன்னால் எழுதிக்கொள்கிறோம்.