கீச்சான் கிளம்பும் நாள்: ஊவாத் தோட்டங்களில் மாசி முதல் சித்திரை வரை

ஐப்பசியில் பிடித்த மழை தை மாதத்தோடு ஓய்ந்ததும் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஊர்ப் பறவைகள் கூடு கட்ட இடம் பார்க்கத் தொடங்கும். செப்டெம்பர், ஒக்டோபரில் வடக்கிலிருந்து வந்திறங்கியவையோ திரும்பும் பயணத்துக்கு உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கும். அவை வந்த நாளைச் சிலராவது கவனித்திருப்பார்கள். போன நாளை எழுதிவைத்தவர் அரிது. ஒரு பறவையை இன்று பார்த்தோம். அதுதான் கடைசித் தடவை என்பது அது போய் ஒரு வாரம் கழிந்த பிறகே தெரியும். ஆகவே, நாள்தோறும் எழுதுகிறவருக்கு மட்டுமே அந்தத் தேதி கிடைக்கும்.

முதல் வேலை, ஒரு பாதையைத் தீர்மானிப்பது. லயத்து வாசலில் கிளம்பி, பீலிக்கரையைத் தொட்டு, தேயிலைக்கு நடுவே ஓடும் கானோடு இறங்கி, கீழே மரமடர்ந்த ஓடைப் பள்ளம் வரை போய்த் திரும்பும் அரை மணி நேர நடை போதும். ஹாலி-எலவிலோ பசறையிலோ நமுனுகுல அடிவாரத்திலோ இப்படியொரு வழி கிடைப்பது கடினமல்ல. பாதையும் நேரமும் மாறக்கூடாது. காலை ஆறுக்கும் ஏழரைக்கும் இடையே போவது நல்லது; பங்குனி, சித்திரையில் பிற்பகல்களில் இடியோடு மழை வந்துவிடும்.

கிளம்புமுன் கவனிக்க வேண்டியது குளவி. தோட்டங்களில் குளவி கொட்டி உயிர்போன சம்பவங்கள் உண்டு. எனவே மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் கூடு தெரிந்தால் அந்த வழியை விட்டுவிடவேண்டும். மருந்து அடிக்கும் மலைக்குள் அன்று நுழையக்கூடாது. ஓடைப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் இருப்பதாகச் சொன்னால் தனியே போவதும் வேண்டாம்.

கையில் ஒரு கொப்பி, பென்சில். இருகண் நோக்கி கிடைத்தால் 8x42 அளவு வசதி. இல்லாவிட்டாலும் பின்வரும் நான்கு பறவைகளை வெறுங்கண்ணாலேயே அறியலாம்.

கீச்சானில் தொடங்குவது சுலபம். பழுப்பு முதுகு, கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை, வேலிக்கட்டையின் உச்சியில் உட்கார்ந்து கரகரவென்று கத்தும் குணம். ஊவா மலைகளில் சாதாரணமாகக் காணும் கீச்சான் இந்தப் பழுப்புக் கீச்சான்தான். வட ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து, தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கீச்சான்களை விரட்டும். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்புவதுண்டு. அது உட்காரும் கட்டையைக் கண்டுபிடித்துவிட்டால் கொப்பியில் ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று எழுதுவதே வேலை. கவ்வாத்து வெட்டிய மலை இதற்கு அருமையான இடம், மறைப்பு ஏதுமில்லை.

கானிலும் ஓடைக் கற்களிலும் வாலை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டு ஓடும், அடிப்பக்கம் மஞ்சளான பறவை சாம்பல் வாலாட்டி. மாட்டுப்பட்டிப் பக்கமும் தோட்டத்து றோட்டிலும் உடம்பைப் பக்கவாட்டில் அசைத்து நடந்தால் அது காட்டு வாலாட்டி. இரண்டும் விருந்தாளிகள்தான்.

ஆறுமணிக்குருவியைக் காண்பதைவிடக் கேட்பது எளிது. விடியும் நேரத்திலும் பொழுது சாயும்போதும் பள்ளத்திலிருந்து இரட்டைச் சீட்டியாகக் குரல் வரும். அசையாமல் நின்றால், உதிர்ந்த இலைகளைப் புரட்டும் பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் தென்படக்கூடும். நான்காவது, நீண்ட நாடா வாலோடு பறக்கும் வெள்ளை அரசவால் ஈப்பிடிப்பான். இலங்கையிலேயே வாழும் இனத்தின் ஆண் வெள்ளையாவதில்லை, செம்பழுப்பாகவே இருக்கும். ஆகவே வெள்ளை ஆண் என்றால் தயங்காமல் ‘வந்தது’ என்று எழுதலாம்.

தகைவிலானில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மே மாதத்திலும் ஸ்டோர் கூரையடியில் பறந்தால், போகாமல் தங்கிவிட்டது என்று எண்ணத் தோன்றும். அது இங்கேயே கூடு கட்டும் மலைத் தகைவிலான். தொண்டைச் சிவப்புக்குக் கீழே கருநீலப் பட்டை இருந்தால் வடக்கிலிருந்து வந்தது. பட்டை இல்லாவிட்டால் ஊர்க்காரன். குயிலும் இதே போல. புத்தாண்டை ஒட்டி அதன் குரல் ஓங்கும், முள்முருக்கும் பூத்திருக்கும். ஆனால் குயில் எங்கிருந்தும் வரவில்லை. குரலை மட்டும் வைத்து வரவு எழுதக்கூடாது.

வாய்ப்புக் கிடைக்கும் ஞாயிறொன்றில் ஹப்புத்தளை அடிசம் மாளிகையை ஒட்டிய தங்கமலைச் சரணாலயத்துக்குப் போய்வரலாம். மஞ்சள்காதுச் சின்னான் போன்ற, இலங்கைக்கே உரிய பறவைகள் அங்குண்டு. மார்ச் முடியுமுன் போனால் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் தேடலாம். வடமேற்கு இமயத்தில் சிறு நிலப்பரப்பில் மட்டுமே கூடு கட்டும் இப்பறவை, குளிர்காலத்தைப் பெரும்பாலும் இலங்கை மலைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் கழிக்கிறது. ஆணின் ஆரஞ்சுச் சிவப்பு நெஞ்சுக்குக் கறுப்புக் கரை உண்டு. தேயிலைத் தோட்டத்து ஓரங்களிலும் இது தங்கும் என்பதால் கிரவேலியா மர வரிசைகளையும் பார்க்கவேண்டும்.

எழுதும்போது தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, என்ன செய்தது என்ற ஐந்தும் வேண்டும். காணாத நாளில் ‘இல்லை’ என்று எழுதாமல் விட்டால் முழுக் கொப்பியும் பலமிழக்கும். போகாத நாளுக்கும் பறவை இல்லாத நாளுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கட்டாயம் கேட்கவேண்டும். பகல் முழுக்க அதே மலையில் நிற்பவர்கள் அவர்கள். “அக்கா, அந்தக் கத்துற குருவி இன்னைக்கு நின்னுச்சா?” என்றால் சரியான பதில் வரும். அதைத் தனிப் பத்தியில், ‘கேட்டது’ என்று குறிக்கவேண்டும்.

கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் இலங்கைப் பறவைத் தொகுப்பைப் பதுளை டவுனிலேயே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத மலையிலும் பயன்படும். அது சொல்லும் பெயரைக் கண்ணால் உறுதிசெய்த பிறகே எழுதவேண்டும். பதிவுகளை அதே ஆய்வகத்தின் ஈபேர்ட் தளத்தில் ஏற்றலாம். ஏற்றும்போது அரிய பறவைகளை மட்டும் பொறுக்காமல் காகம், மைனா உட்பட அன்று அடையாளம் கண்ட எல்லாவற்றையும் சேர்க்கவேண்டும். முழுப் பட்டியலில்தான் ஒரு பறவை இல்லாததற்கும் பொருளுண்டு.

தொடர்ந்து பத்து நாள் ‘இல்லை’ வந்தால் அதற்கு முந்திய தேதியைச் சிவப்பு மையில் வட்டமிடலாம். கீச்சானுக்கு ஒன்று, வாலாட்டிக்கு ஒன்று, ஆறுமணிக்குருவிக்கு ஒன்று. மே நடுப்பகுதி வரை நடையை நிறுத்தவேண்டாம்; தாமதமாகப் போகும் பறவை வட்டத்தை மாற்றக்கூடும். செப்டெம்பர் முதல் வாரத்தில் அதே கொப்பியின் அடுத்த பக்கத்தில், அதே கட்டையில் கீச்சானைத் தேடத் தொடங்கலாம்.