பிள்ளைகள் உருட்டி விளையாட எந்த மண், எந்த மாவு?

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்த பிள்ளை, தானும் எதையாவது குழைத்து அச்சில் ஊற்றத்தான் துடிக்கும். கண்ணாடிப் பலகை, அதன்மேல் அச்சு, அச்சின் கட்டங்களில் கரண்டியால் ஊற்றும் வண்ணக் குழம்பு எல்லாம் அதன் கண்ணுக்குச் சோறாக்கி விளையாடுவது போலத்தான். அந்த ஆசையைத் தடுக்க வேண்டாம். கையில் கொடுக்கும் பொருளை மட்டும் பார்த்துக் கொடுங்கள்.

1. பட்டறையில் மிஞ்சிய சிமெண்ட், வண்ணப்பொடி எதையும் "கொஞ்சம்தானே" என்று கொடுக்காதீர்கள். ஈரச் சிமெண்டில் காரத்தன்மை அதிகம். பிஞ்சுத் தோலை வேகவைத்துவிடும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் அப்படித்தான், இறுகும்போது நன்றாகச் சூடேறும். 2007-ல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி அதற்குள் கைவைத்து அச்செடுக்கப் போய் விரல்களையே இழந்தாள்.

2. நாலு வயதுக்கு மேல் என்றால் என் முதல் தேர்வு கண்மாய்க் களிமண்தான். நம் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் கடமும் பானையும் ஆவது இந்த மாதிரி மண்தான். கீழடி அகழாய்வில் தோண்டத் தோண்டச் சுடுமண் பகடையும் வட்டச்சில்லும் கிடைத்தன. இந்த மண்ணுக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. நீங்களே போய்த் தோண்டுவதைவிட, பானை செய்யும் வேளாரிடம் ஒரு உருண்டை கேட்டு வாங்குங்கள். கல், முள், கண்ணாடிச் சில்லு நீக்கிப் பக்குவப்படுத்திய மண்ணாக இருக்கும். சாக்கடை கலக்கும் இடத்து மண் கூடவே கூடாது.

3. மண் நல்லதா என்று பார்க்க, பென்சில் கனத்துக்குத் திரித்து விரலில் சுற்றுங்கள். அறாமல் வளைந்தால் நல்ல மண். பிளந்து உதிர்ந்தால் மணல் அதிகம். கையை விடாமல் அப்பிக்கொண்டால் காயும்போது வெடிக்கும். சலித்த மணல் ஒரு பிடி சேர்த்துப் பிசைந்தால் சரியாகும்.

4. அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்பு பார்த்த பிள்ளைகள் குதிரைதான் செய்வார்கள், அதன் கால்தான் முதலில் விழும். ஒட்டும் இரண்டு இடத்திலும் ஈர்க்கால் கீறி, தண்ணீரில் கரைத்த களிக்குழம்பைத் தடவி அழுத்தச் சொல்லுங்கள். நிழலில் காயட்டும்.

5. மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தை எதையும் வாயில்தான் வைக்கும். அதற்குக் கொழுக்கட்டை மாவு போதும். கொதிக்கும் தண்ணீரில் அரிசி மாவைக் கொட்டிக் கிளறி, நன்றாக வேகவிட்டு, ஆறியபின் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்டுப் பிசையுங்கள். உப்பு வேண்டாம். பச்சை மாவு வயிற்றுக்கு ஆகாது என்பதால்தான் வேகவைக்கச் சொல்கிறேன். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே எறிந்துவிடுங்கள். பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும்.

6. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு உப்பு மாவு: மைதா 2 டம்ளர், பொடி உப்பு 1 டம்ளர், எண்ணெய் 1 கரண்டி, தண்ணீர் முக்கால் டம்ளரில் தொடங்கிப் பதம் பார்த்து ஊற்றுங்கள். பீட்ரூட் சாறு, கீரைச் சாறு நிறத்துக்குப் போதும். உப்பு அதிகம் உள்ளே போனால் குழந்தைக்கும் ஆபத்து, வீட்டு நாய்க்கும் ஆபத்து. கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மைதாவே ஆகாது. கடையில் விற்கும் பிளே-டோவிலும் கோதுமை உண்டு. சுவர்க் காகிதத்தின் அழுக்கைத் துடைக்கச் செய்த மாவுதான் 1956-ல் பிளே-டோ என்ற விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது.

7. கடையில் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரையையும் வயதுக் குறிப்பையும் பாருங்கள். விளையாட்டுப் பொருள்களுக்கு அந்த முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தால் கொடுக்காதீர்கள். போராக்ஸ் கலந்து வீட்டில் கிண்டும் ஸ்லைம், அடுப்பில் சுட வேண்டிய பாலிமர் களி, சின்னத் தெர்மகோல் மணி கலந்தது, இவை மூன்றும் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

8. எண்ணெய்க் களி காயாது, பல மாதம் வரும். ஆனால் வளவில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் விட்டுவிட்டால் எண்ணெய்க் கறை இறங்கிவிடும், மஞ்சளும் அப்படியே. கறை போக எலுமிச்சை தேய்க்காதீர்கள், புளிப்பு அந்தச் சிமெண்ட் கல்லின் மேற்பூச்சை அரிக்கும். முதலிலேயே மணைப்பலகையோ தடிமனான பிளாஸ்டிக் விரிப்போ போட்டுவிடுவது நல்லது.

9. காய்ந்த களிமண் தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மூச்சில் போவது நல்லதல்ல. உடைந்த குதிரையைக் குப்பையில் போட வேண்டாம். நொறுக்கி ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மேல் நீரை வடித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அதே மண் தயார்.