மூலநிரலைக் கேட்டால் மறுக்கிறார்கள்

கேள்வி: ஓய்வு நேரத்தில் நான் எழுதி, ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வெளியிட்ட நிரலை ஒரு நிறுவனம் தன் ரவுட்டரில் சேர்த்து விற்கிறது. மூலநிரலைக் கேட்டேன். ‘உங்கள் நிரலில் எதையும் மாற்றவில்லை, எனவே தர வேண்டியதில்லை’ என்று பதில் வந்தது. இது சரியா? எக்ஸ் தளத்தில் போட்டு நாறடிக்கச் சொல்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: சரியில்லை. மாற்றினார்களா இல்லையா என்பது இங்கே பிரச்சினையே அல்ல. இயங்கு வடிவில் விற்பவர் மூலநிரலையும் கூடவே தர வேண்டும். இல்லையேல், கேட்பவர் எவருக்கும் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகள் செல்லும் எழுத்துபூர்வ உறுதியைப் பெட்டியோடு வைக்க வேண்டும். அடுத்து, ‘உங்கள் கிட்ஹப் பக்கத்திலேயே இருக்கிறதே’ என்பார்கள். அதுவும் செல்லாது. அந்த ரவுட்டரில் ஓடும் அதே பதிப்பும், அதைக் கம்பைல் செய்து நிறுவப் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகளும் சேர்ந்துதான் மூலநிரல்.

எக்ஸ் இருக்கட்டும், முதலில் ஆதாரம். ரவுட்டரைக் கடையில் வாங்கி பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்தின் தளத்திலுள்ள ஃபர்ம்வேரையும் தேதி குறித்து இறக்கி வையுங்கள். நீங்கள் கடிதம் எழுதியதும் அது காணாமல் போகலாம். பின்வாக் என்ற கருவியைக் கொண்டு அதைப் பிரித்து, உள்ளே கிடைக்கும் கோப்பில் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓட்டுங்கள். என்றோ அவசரத்தில் நீங்கள் எழுதிய எரர் மெசேஜ், எழுத்துப்பிழை மாறாமல் திரையில் வந்தால், வக்கீலுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பதிப்புரிமை உங்களுடையதுதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையின் பகுதியாக எழுதியது என்றால் இந்தியச் சட்டப்படி பெரும்பாலும் முதலாளிக்கே உரிமை. மற்றவர்கள் அனுப்பிய பேட்ச்களுக்கு அவரவரே உரிமையாளர்.

பிறகு கடிதம். கஸ்டமர் கேருக்கு அல்ல, சட்டப் பிரிவுக்கு. இரண்டாம் பதிப்பின்படி, மீறிய கணமே அவர்களின் உரிமம் தானாக ரத்தாகிவிடுகிறது. விற்கும் ஒவ்வொரு பெட்டியும் பதிப்புரிமை மீறல். அதைச் சொல்லிவிட்டு, திருத்திக்கொள்ள 30 நாள் கொடுங்கள். முதன்முறை மீறுபவருக்கு மூன்றாம் பதிப்பு தரும் அவகாசம் அது. லினக்ஸ் கெர்னல் நிரலாளர்கள் பலர் 2017இல் அதையே தாங்களும் ஏற்றார்கள்.

மென்மையாகப் போகச் சொல்வது பயத்தினால் அல்ல. 2003இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டரில் லினக்ஸ் ஓடுவதைக் கண்டுபிடித்து நிரலாளர்கள் கேள்வி கேட்டார்கள். அந்நிறுவனத்தை அந்த ஆண்டுதான் சிஸ்கோ வாங்கியிருந்தது. மூலநிரல் வெளியே வந்தது. அதிலிருந்துதான் ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி இயங்குதளம் பிறந்தது. நஷ்டஈடாக எவ்வளவு வாங்கியிருந்தாலும் இது கிடைத்திருக்காது. ஆனால் மீறல் நிற்காததால் 2008இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்கே போட்டது. அடுத்த ஆண்டு சமரசமாக முடிந்தது. மியூனிக் நீதிமன்றமோ 2004இலேயே ஜி.பி.எல். சட்டப்படி செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, வழக்கு என்பது வெற்று மிரட்டல் அல்ல. 30 நாளில் அசையாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். எக்ஸ் அதற்கும் பிறகுதான். முதலிலேயே சந்திக்கு இழுத்தால், பேசவிருந்த பொறியாளரும் வாயை மூடிக்கொள்வார்.

இடையில், ‘மூலநிரல் தருகிறோம், ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்’ என்று கேட்கலாம். போடாதீர்கள். பெறுபவர்மேல் கூடுதல் நிபந்தனை விதிக்க ஜி.பி.எல். அவர்களுக்கு இடம் தரவில்லை.