ரோந்துக் காவலர் பணி: ஓர் அறிமுகம்

ரோந்துக் காவலரின் பணிநேரம் பெரும்பாலும் குற்றவாளிகளைத் துரத்துவதில் கழிவதில்லை. உதவி அழைப்புகளுக்கு விரைதல், விபத்திடத்தில் போக்குவரத்தைச் சீர்செய்தல், இரு தரப்பையும் கேட்டு அறிக்கை எழுதுதல் ஆகியவையே அன்றாடக் கடமைகள். இரவிலும் பண்டிகை நாள்களிலும் பணி உண்டு.

வழக்கமான வாகனச் சோதனையிலும் ஆபத்து உண்டு. டெக்சாசின் ஹாரிஸ் கவுண்டி ஷெரிஃப் துறையில், தலைப்பாகையுடன் பணியாற்ற 2015இல் அனுமதி பெற்றவர் சந்தீப் சிங் தாலிவால். 2019 செப்டம்பர் 27 அன்று, ஒரு வாகனத்தை நிறுத்தி விசாரித்துவிட்டுத் தம் வண்டிக்குத் திரும்புகையில் சுடப்பட்டு உயிரிழந்தார். ஹூஸ்டனில் ஓர் அஞ்சலகம் அவர் பெயரைத் தாங்குகிறது.

ஆகவே, காவலர் உங்களை நிறுத்தினால் வண்டியிலேயே அமர்ந்து, கைகளை அவர் காணுமாறு ஸ்டியரிங்கின் மீது வையுங்கள்.

டெக்சாசில் காவலராவதற்குப் பயிற்சியும் தேர்வும் மாநில உரிமமும் கட்டாயம். விருப்பமுள்ள இளையோர் நகரக் காவல் துறையை அணுகலாம்.