ஆசானொடு பொருதல்

சிலம்பம் என்பது ஏறக்குறைய நெற்றியளவு நீண்ட மூங்கிற் கம்பு கொண்டு பொரும் நம் நாட்டுப் பழங்கலை. 2024 சனவரியில் திருச்சி உள்ளிட்ட நான்கு நகரங்களில் நிகழ்ந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு விழாவில் இது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இதனைப் பயில்வோர் முதற்கண் காலடியும், பின்னர் வீச்சும் தடுப்பும் கற்று, அதன்பின் ஆசானையே எதிர்த்து நிற்பர். வெல்ல இயலாதாரை எதிர்த்தலால் யாது பயன்?

மன்னார்புரத்தில் ஒரு மாலை யான் இதற்கு விடை பெற்றேன். ஆசானை வணங்கிக் களமிறங்கி மும்முறை தாக்கினேன்; மும்முறையும் அவர் கம்பின் நுனி என் தோளை மெல்லத் தொட்டு நின்றது. சினந்து மீண்டும் விரைந்து வீசினேன்; என் கம்பு கைவிட்டுப் பறந்தது.

“தம்பி, நீ என் கம்பைப் பார்க்கிறாய், நான் உன் காலைப் பார்க்கிறேன்” என்றார் ஆசான்.

உண்மை அதுவே. கம்பு கண்ணை மயக்கும். உடலின் பாரத்தைத் தாங்குங் காலோ, வீச்சு வரும் பக்கத்தை முன்னரே உரைத்துவிடும். ஒத்த வலியினனோடு பொருங்கால் நம் பிழை அவன் பிழையுள் மறைந்து போம். மிக்கானோடு பொருங்கால் அதற்கு மறைவிடம் இல்லை. திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தைத் தேர்வின்பொருட்டுப் பலகால் ஓதியிருந்தேன். என் வலியின் அளவை அன்றே அறிந்தேன்.

மாணவ நண்பர்காள்! நம்மினும் வல்லார்முன் தோற்றற்கு நாணாதிருப்போமாக.