தூரமும் காலமும்

சென்னைக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரம் என்று வினவினால், நம்மிற் சிலர் 420 கிலோமீட்டர் என்பர். வேறு சிலர் 460 என்பர். இரண்டும் மெய்யே. முன்னது ஆகாய மார்க்கத்தின் அளவு. பின்னது சாலையின் அளவு. இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று என்பதையும், இவற்றைக் கொண்டு பிரயாண காலத்தைக் கணிப்போர் எவ்விடத்தில் தவறுகின்றனர் என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆகாய தூரத்தை அறிய நாம் வானில் ஏற வேண்டுவதில்லை. தேசப்படம் ஒன்றே போதும். அட்சரேகைக் கணக்கில் சென்னை வடக்கே 13 பாகை 5 கலையிலும், மதுரை 9 பாகை 56 கலையிலும் அமைந்துள்ளன. ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே இவற்றின் வித்தியாசம் 3.15 பாகை. பாகை ஒன்றுக்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர் ஆதலின், மதுரை சென்னைக்கு 350 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. தீர்க்கரேகை வித்தியாசம் 2.15 பாகை. இப்பகுதியில் தீர்க்கரேகைப் பாகை ஒன்று சுமார் 109 கிலோமீட்டர். எனவே மதுரை 234 கிலோமீட்டர் மேற்கேயும் உள்ளது. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால், கர்ணம் 421 கிலோமீட்டராகும். இதுவே நேர்த்தூரம்.

சாலையோ அங்ஙனம் நேரே செல்ல இயலாது. அது விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளியை அடைந்து, கொள்ளிடத்தையும் காவிரியையும் பாலங்களாற் கடந்து, மேலூர் மார்க்கமாய் மதுரை சேர்கின்றது. ஊர்களை இணைப்பதற்காகவும், பாலம் அமைதற்கேற்ற இடத்தை நாடியும் வளைந்து செல்வதால் ஏறக்குறைய பத்திலொரு பங்கு நீளுகின்றது. இடையே பெருமலை யாதும் குறுக்கிடாமையால் இவ்வளவோடு நின்றது.

இனிக் காலத்தை நோக்குவோம். விமானம் வானிற் செல்வது ஒன்றேகால் மணி நேரம்; மோட்டார் வண்டிக்கு எட்டு மணி நேரம். இதனால் ஆறேமுக்கால் மணி நேரம் மிஞ்சும் என்று பலரும் எண்ணுகின்றனர். ஆயின் வீட்டினின்று விமான நிலையம் செல்ல ஒரு மணி, சோதனைகளுக்காக முன்னரே சென்று காத்திருக்க ஒன்றரை மணி, இறங்கிப் பெட்டிகளைப் பெற அரைமணி, மதுரை நகருட் புக அரைமணி ஆகிய இவற்றைக் கூட்டுவோமாயின், மொத்தம் நாலேமுக்கால் மணி ஆகின்றது. உண்மையில் மிஞ்சுவது மூன்றேகால் மணியே.

அதுவும் எப்பொழுதும் மிஞ்சும் என்பதற்கில்லை. சென்னையிலிருக்கும் ஒரு மகனுக்கு, மதுரையிலுள்ள தாய்க்கு நோய் முற்றிற்று என்னும் செய்தி இரவு பத்து மணிக்குக் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அடுத்த விமானம் காலை ஏழு மணிக்காயின், அவன் அன்னையின் பக்கலை அடைய ஒன்பதேகால் ஆகிவிடும். அப்பொழுதே வண்டியேறினால் ஆறு மணிக்கே சேர்ந்துவிடுவான். வேகம் குறைந்த வாகனமே அன்று முந்திச் சேர்ப்பதாகும்.

ஆதலின், நண்பர்காள், தூரத்தை வேகத்தால் வகுத்த மாத்திரத்திற் பிரயாண காலம் பெறப்படாது. காத்திருக்கும் காலமும் காலமே. புறப்படும் வாயிலினின்று சேரும் வாயில்வரை கணக்கிட்டு அறிவதே கணிதம் கற்ற நமக்கு அழகாகும்.