காரைக்காலில் பிரெஞ்சுக் கட்டடங்கள் எங்கே போயின?

கேள்வி: பிரெஞ்சுக்காரர் காலத்து ஊரைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் புதுச்சேரிக்குத்தான் கூட்டிப் போகிறோம். பக்கத்திலேயே இருக்கும் காரைக்காலும் இருநூறு வருஷத்துக்கு மேல் அவர்கள் கையில் இருந்ததுதானே? அங்கே அந்த மஞ்சள் சுவர் வீடுகளும் நேர் வீதிகளும் ஏன் இல்லை? வெள்ளைக்காரன் சண்டையில் எல்லாவற்றையும் இடித்துவிட்டான் என்கிறார்களே, அது உண்மையா?
— வாசகி ஒருவர், அய்யம்பேட்டை

பதில்: அருமையான கேள்வி அம்மா. திருநள்ளாற்றில் சனி பகவானைச் சேவித்துவிட்டு வருகிறவர்களில் அநேகம் பேர், இத்தனை நேரம் பழைய பிரெஞ்சு மண்ணில்தான் நின்றோம் என்பதை நினைக்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் நின்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் இடித்த கதையைப் பார்த்துவிடுவோம். 1760 ஏப்ரலில் ஆங்கிலேயர் காரைக்காலைப் பிடித்தது உண்மை. ஆனால் புதுச்சேரிக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. 1761 ஜனவரியில் அது சரணடைந்த பிறகு கோட்டை, கவர்னர் மாளிகை, வீடுகள் என்று திட்டம் போட்டுத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நீங்கள் படம் பிடிக்கும் ‘வெள்ளை நகரம்’ 1765க்குப் பிறகு, லா தெ லோரிஸ்தோன் என்ற கவர்னர் காலத்தில் தொடங்கி, மறுபடி எழுப்பியது. இடிபட்டதுதான் காரணம் என்றால் புதுச்சேரியில்தான் ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. ஆகவே, திரும்பக் கைக்கு வந்த இரண்டு ஊர்களில் ஒன்றை மட்டும் ஏன் அப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

அதற்கு அவர்கள் காரைக்காலை எதற்காக விரும்பினார்கள் என்று தெரிய வேண்டும். புதுச்சேரியைச் சுற்றி இருந்தது வானம் பார்த்த பூமி. சோற்றுக்கு வெளியூர் நெல்லை நம்பியிருந்த ஊர். காவிரிப் படுகையில் ஓர் இடம் கிடைத்தால் நெல்லும் ஆகும், கடல் வழியாகத் துணி ஏற்றுமதியும் ஆகும். 1738இல் தஞ்சை மராட்டிய அரசர் சாயாஜி சிம்மாசனத்தை இழந்து தவித்தபோது, புதுச்சேரி கவர்னர் துய்மாவிடம் உதவி கேட்டு, பதிலுக்குக் காரைக்காலைத் தருவதாக ஒப்புக்கொண்டார். சிம்மாசனம் திரும்பக் கிடைத்ததும் கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கினார். நாகப்பட்டினத்து டச்சுக்காரர்களுக்கும் இன்னொரு ஐரோப்பியர் பக்கத்தில் வந்து உட்காருவது பிடிக்கவில்லை. கடைசியில் திருச்சிராப்பள்ளியில் இருந்த சந்தா சாகிப், தஞ்சையோடு தனக்கிருந்த பகையில், தம் படையை அனுப்பிப் பிடித்துக் கொடுத்தார். 1739 பிப்ரவரி 14 அன்று பிரெஞ்சுக் கொடி ஏறியது. அடுத்து வந்த பிரதாப சிம்மர் காலத்தில் சுற்றுக் கிராமங்களும் சேர்ந்தன.

அவர்கள் கைக்கு வந்தது, அரசலாறும் அதன் வாய்க்கால்களும் பாயும் வயல். தலைநகரத்துக்குக் கவர்னர் மாளிகை வேண்டும், படை இருக்க வேண்டும், வணிகர், பாதிரியார், நீதிபதி எல்லோரும் குடும்பத்தோடு வாழ வீதிகள் வேண்டும். நெல் விளையும் சீமைக்கு நிர்வாகி ஒருவரும், கணக்குப் பார்க்கவும் வழக்குக் கேட்கவும் சிலரும் போதும். நிலத்தைப் பயிரிட்டவர்களும் வரி கட்டியவர்களும் நம்மவர்களே. வெள்ளையர் கூட்டமாகக் குடியேறாத ஊரில் வெள்ளை நகரம் எப்படி எழும்?

கோட்டை கட்டும் வழியும் அடைபட்டது. 1814 பாரிஸ் உடன்படிக்கையில், இந்தியாவில் தங்கள் இடங்களில் கோட்டை கட்டுவதில்லை, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைப்பதில்லை என்று பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. அதன்படியே, இடையில் மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்த காரைக்கால் 1817இல் திரும்பக் கிடைத்தது. சற்று வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கோட்டை இன்றும் நிற்கிறதே என்று தோன்றும். அது அவர்களுக்குத் தலைநகரம். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்ற பிறகு வியாபாரம் வேறு துறைமுகங்களுக்குப் போனது. ஊர் அடங்கிப்போனதால் பழையது பிழைத்தது. காரைக்காலோ கடைத்தெருவும் சந்தடியுமாக வளர்ந்துகொண்டே இருந்த ஊர். அப்படிப்பட்ட ஊரில் பழைய வீட்டை இடித்து மாடி எழுப்புவது நடக்கிற காரியந்தான். புதுச்சேரியிலும் பல வீடுகள் அப்படிப் போயின. மிச்சம் தப்பியது, கடந்த சில பத்தாண்டுகளில் மரபுப் பாதுகாப்பில் அக்கறை கொண்டவர்கள் விடாமல் பாடுபட்டதால். அந்த அக்கறையில் கால் பங்காவது காரைக்காலுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

காரைக்காலிலிருந்து வெளியே போனவர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சைச் சீமை ஏழைகள் ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது இத்தனை வருஷம் உழைப்பதாகக் கையெழுத்திட்டு, குவாதலூப், மர்த்தினிக், ரீயூனியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று. பிறகு சைகோனுக்கு உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் ஏராளம். அந்தத் தீவுகளில் இன்றும் தமிழ்ப் பெயர் தாங்கிய குடும்பங்கள் இருக்கின்றன. காரைக்காலின் பிரெஞ்சுச் சரித்திரத்தில் பெரும்பகுதி இப்படிக் கடல் கடந்து கிடக்கிறது.

அப்படியானால் காரைக்காலில் பார்க்க என்னதான் இருக்கிறது? பேரளத்திலிருந்து அம்பகரத்தூர் வழியாகப் போய்ப் பாருங்கள். அதே வயல், அதே வாய்க்கால். பெயர்ப்பலகையில் மட்டும் திடீரென்று ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்று வரும். கொம்யூன் என்பது பிரெஞ்சு முறைப்படி அமைந்த உள்ளூராட்சிப் பிரிவு. 1880 ஆணையால் வந்தது. போலீஸ்காரர் தலையில் கெபி, அதாவது தட்டையான உச்சியுள்ள சிவப்புத் தொப்பி. ஊருக்குள் தேற்றரவு அன்னை ஆலயம், போர்வீரர் நினைவுச் சின்னம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். அந்தக் குடும்பங்களில் யாராவது பேசக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் விடப் பெரிய பிரெஞ்சுச் சின்னம் அந்த எல்லைக்கோடுதான். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, மக்கள் விருப்பம் அறியாமல் இந்தப் பகுதிகளின் தனி அமைப்பை மாற்றக்கூடாது என்றது. அதனால்தான் தமிழ்நாடு சூழ்ந்த காரைக்கால் இன்றும் புதுச்சேரியைச் சேர்ந்தது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் தண்ணீரைப் பங்கிட்டபோதும் புதுச்சேரிக்கென்று தனியாக 7 டி.எம்.சி. ஒதுக்கியது, காரைக்கால் வயல்களுக்கான தண்ணீர் அது. டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி.

பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால் ஜூலை 14ஐ ஒட்டிப் போங்கள். பிரான்சின் தேசிய தினமான அன்று நினைவுச் சின்னத்தில் மலர் வைப்பார்கள். காரைக்கால் அம்மையாருக்கான மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமியில்; சில வருஷங்களில் இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் வரும். பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்துக்கொண்டால், இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.